‘களவு தீயது’ – இஃது எவ்வகைத் தொடர்?

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி எனத் தொடர்களை நால்வகைப்படுத்திப் பயில்கிறோம். ‘பால் வெண்மையானது’ என்பது செய்தித்தொடர். ‘களவு தீயது’ என்பதும் வடிவால் அத்தகையதே. ஆயின், பாலின் வெண்மையைக் கண்ணால் காண்கிறோம். களவின் தீமையை எப்புலனால் அறிகிறோம்? அறம் பற்றிய கூற்று உண்மையில் செய்தித்தொடர்தானா? இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு மெய்யியலார் நெடிது ஆராய்ந்த வினா இது.

கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி.இ. மூர் 1903இல் ‘பிரின்சிபியா எத்திகா’ என்னும் நூலை வெளியிட்டார். நல்லது என்பதற்கு ‘இன்பம் தருவது’ எனப் பொருள் கூறினால், ‘இன்பம் தருவதெல்லாம் நல்லதுதானா?’ என மீண்டும் வினவ இடமுண்டு. வேறு எவ்விளக்கம் தரினும் இவ்வினா எஞ்சும். ஆகவே நன்மை என்பது பிறிதொன்றாகப் பிரித்துரைக்க இயலாத தனிப்பண்பு. அதைக் கூறுவது செய்தித்தொடரே என்பது மூரின் துணிபு.

ஏ.ஜே. அயர் 1936இல் இதனை மறுத்தார். அனுபவத்தால் சோதித்தறிய இயலாத கூற்று உலகைப் பற்றிய செய்தியாகாது என்பது அவர் கொள்கை. ‘நீ அவனை ஏமாற்றியது தீயது’ என்பதில் ‘நீ அவனை ஏமாற்றினாய்’ என்பதே செய்தி. ‘தீயது’ என்பது ‘சீ’ என்னும் குறிப்பைப் போல நம் வெறுப்பைக் காட்டுவது. எனவே அஃது உணர்ச்சித்தொடர்.

ஆர்.எம். ஹேர் 1952இல் மூன்றாவது விடையைத் தந்தார். ‘பொய் தீயது’ என்பதனுள் ‘பொய் கூறாதே’ என்னும் கட்டளை அடங்கியுள்ளது. எனினும் அது வெற்றாணையன்று. ஒத்த நிலையிலுள்ள அனைவரையும், கூறுவோனையும் அது கட்டுப்படுத்தும். ஹேர் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணியில் உழன்றவர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டதும் அப்பாதையிலேதான்.

‘அங்கு இழைக்கப்பட்டது தீயது’ என்கிறோம். இது வெறுப்பின் ஒலி மட்டுமே எனின், அக்கொடுமையைப் போற்றும் ஒருவனை ‘நீ கூறுவது பொய்’ என மறுக்க இயலாது. அவன் உணர்ச்சி வேறு, நம் உணர்ச்சி வேறு என்பதோடு அமைய வேண்டியதுதான். இங்கே சிக்கல் சொல்லளவில் நிற்கவில்லை என்பது தெளிவு.

பீட்டர் கீச் 1965இல் எழுப்பிய தடை இவ்விடத்து நோக்கத்தக்கது. ‘புறங்கூறுதல் தீயது எனின், பிறரைப் புறங்கூறத் தூண்டுவதும் தீயது’ என்போம். இதன் முற்பகுதியில் வெறுப்பும் இல்லை, கட்டளையும் இல்லை. ஆயினும் ‘புறங்கூறுதல் தீயது’ என்பதை இதனோடு சேர்த்தால் முடிவு தானே பெறப்படுகிறது. ‘தீயது’ ஈரிடத்தும் ஒரே பொருள் தந்தாலன்றி இது கூடாது. ‘சீ எனின்’ என்றோ ‘கூறாதே எனின்’ என்றோ எவரும் வாதிடுவதில்லை. இத்தடைக்கு விடைகாணும் முயற்சி இன்றும் தொடர்கிறது.

அங்ஙனமாயின் அது தரும் செய்திதான் யாது? பிலிப்பா ஃபுட் 2001இல் எழுதிய நூல் ஒரு வழி காட்டுகிறது. வேர் வலுவற்றிருத்தல் மரத்துக்குக் குறை என்பது செய்தி. அதுபோலவே வாக்குப் பிறழ்தல், ஒருவரையொருவர் நம்பி வாழவேண்டிய மனிதர்க்குக் குறை என்பதும் செய்தியே.

‘சீ’ என்பவனிடம் எவரும் சான்று கேட்பதில்லை; ‘தீயது’ என்பவனிடம் கேட்கிறோம். அவனும் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். இக்கடமை உள்ளவரை அறமொழியைச் செய்தித்தொடராகக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.