பெக்கோ சில்லுக்குள் ஒரு சூரியன்: பைனல் டிரைவும் அதன் ஒயிலும்

கொழும்புக்கு வேலைக்குப் போன நம் தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் வெள்ளவத்தையில் புடவைக்கடை, கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடை என்றுதான் முன்பு சொல்வோம். இப்போது சில தம்பிமார் பெக்கோவிலும் எக்ஸ்கவேட்டரிலும் ஹெல்பராகச் சேர்ந்து ஒப்பரேட்டராகவும் ஆகியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்து, சேமலாப நிதிக் காசையும் போட்டு, பழைய மெசின் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. அப்படி வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துடுறாங்க. சில்லுக்குள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

எஞ்சின் பக்கமிருந்து வரும் சுற்று வேகமானது, ஆனால் இழுக்கும் பலம் குறைவு. சில்லுக்கோ சுற்று மெதுவாக இருக்க வேண்டும், பலம் கூட வேண்டும். இந்த மாற்றத்தைக் கடைசி இடத்தில், சில்லுக்குப் பக்கத்திலேயே செய்து கொடுப்பதுதான் பைனல் டிரைவ்.

கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றியிருப்பீர்கள். நடுவில் சூரியன், சுற்றிலும் மற்றக் கிரகங்கள். இந்தப் பெட்டிக்குள்ளும் அதே ஒழுங்குதான். நடுவில் சிறிய சூரியப் பல்சக்கரம். அதைத் தொட்டுக்கொண்டு பெரும்பாலும் மூன்று கிரகப் பல்சக்கரங்கள். அவற்றுக்கு வெளியே, உட்பக்கம் பல் வெட்டிய பெரிய வளையம். பெக்கோவின் பின்சில்லில் இந்த வளையம் அசையாது. சூரியன் சுற்றும்போது கிரகங்கள் தாமும் சுழன்று சூரியனையும் சுற்றி வரும். கிரகங்களைத் தாங்கும் சட்டம்தான் சில்லைத் திருப்புகிறது.

கணக்கும் லேசுதான். சூரியனுக்கு 18 பல், வளையத்துக்கு 72 பல் என்று வைப்போம். 72ஐ 18ஆல் வகுத்தால் 4, அதோடு 1ஐக் கூட்டினால் 5. சூரியன் ஐந்து சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்று. வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். உராய்வில் போவது போக, பலம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும். செயின் போட்ட எக்ஸ்கவேட்டரில் இப்படி இரண்டு, மூன்று அடுக்கு வைத்திருப்பார்கள். அதில் வளையத்தோடு வெளிக்கூடும் சேர்ந்தே சுற்றும். பெரிய மரக்கட்டையை மூன்று பேர் தோள் கொடுத்துத் தூக்குவது போல மூன்று கிரகங்களும் பாரத்தைப் பங்கு போடுவதால், சின்னப் பெட்டி இவ்வளவு வேலை செய்கிறது.

இவ்வளவு பாரத்தில் இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் காப்பது உள்ளே கிடக்கும் சில லீற்றர் கியர் ஒயில்தான். அதற்கு முதல் எதிரி தண்ணீர். வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற இடத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்யும் மெசினைப் பாருங்க. பொலித்தீனும் நைலோன் கயிறும் செயின் சில்லில் சுற்றி சீலை அறுத்துவிடும். பிறகு ஒயில் வெளியே, தண்ணீர் உள்ளே. நல்ல ஒயில் பிளேன்டீ மாதிரித் தெளிவாக இருக்கும், பழசானால் கறுக்கும். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த மெசினை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

ஒயில் பார்க்க மெசினைச் சமதரையில் விட்டு, வாளியைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, திறப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு பார்க்கும் மூடி மணிக்கூட்டில் 3 அல்லது 9 நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும். முகத்தை விலக்கி மெதுவாகத் தளர்த்துங்கள். துளையின் விளிம்பு வரை ஒயில் நின்றால் சரி. குறைந்தால் சீலைப் பாருங்கள். கூடியிருந்தால் லாபம் என்று நினைக்காதீங்க. எக்ஸ்கவேட்டரில் மோட்டார் சீல் போய் ஹைட்ரோலிக் ஒயில் உள்ளே இறங்கினாலும் அளவு கூடும், ஒயிலும் தண்ணியாகிவிடும்.

மூடியிலுள்ள காந்தத்தில் மாவு போலச் சாம்பல் பசை ஒட்டியிருப்பது வழமை. செதிலோ பல்லுத் துண்டோ கிடைத்தால் உள்ளே உடைகிறது. பழைய மெசின் வாங்குமுன் இந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காமல் வருவதே நல்லது. பைனல் டிரைவை மாற்றப் பல இலட்சம் வேண்டும். பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழையது கிடைக்கலாம், ஆனால் அதற்குள்ளும் இதே கேள்விதான்.

எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மாற்றுவது, எந்த ஒயில் ஊற்றுவது என்பதை அந்த மெசினின் புத்தகமே சொல்லும். புது மெசினிலும் திருத்திய பெட்டியிலும் முதல் மாற்றம் சீக்கிரமே செய்ய வேண்டும், ஏனென்றால் புதுப் பல்லில் இருந்து தூள் உதிரும். தண்ணீரில் வேலை என்றால் புத்தகம் சொல்வதற்கு முன்பே பாருங்கள். மாற்றும்போது சூடு ஆறுமுன் வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும்; கை சுடாமல் கவனம்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது இப்படிப்பட்ட மெசின்கள்தான் மண்ணைத் தோண்டின. நம் மலைப் பக்கத்தில் மழை நாளில் மெசின் வழியில் நின்றுவிட்டால் போவது ஒரு நாள் சம்பளம் மட்டுமல்ல.

வடித்த ஒயிலை ஓடையிலோ கானிலோ ஊற்றாதீர்கள். கீழ் டிவிசன் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. நாய்ச் சொறிக்குப் பூசுகிற பழக்கத்தையும் விட வேண்டும், நாய் அதை நக்கிவிடும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.