கியர் நிற்காத வண்டி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதி தாண்டியிருப்பேன். இரண்டாம் கியரில் வண்டி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தபோது காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இழுப்பு நின்றுவிட்டது, என்ஜின் மட்டும் அலறியது. வண்டி பின்னால் சரிவதற்குள் பிரேக்கைப் பிடித்து, மறுபடி இரண்டாம் கியரைப் போட்டேன். நூறு மீட்டர் போனதும் மீண்டும் அதே 'டக்'. மீதி மலையை முதல் கியரிலேயே ஏறி முடித்தேன்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் விட்டேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் என்ஜினை இறக்கினார்கள். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து, அரம் போட்டு, மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்துப் போன இடத்தில், வயதான ஒரு மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி இது: "எந்த கியர்ல தம்பி தள்ளுது? முறுக்கும்போதா, விடும்போதா?"

அந்தக் கேள்வியில் கியர் பாக்ஸின் இயக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கியர் மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று வந்து கோத்துக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். பைக்கில் அப்படி நடப்பதில்லை. எல்லா ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டோடு பிணைந்திருக்கும். மற்றது தண்டின்மேல் சும்மா சுழலும். அப்படிச் சும்மா சுழலும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவதுதான் கியர் போடுவது. பூட்டும் வேலையைச் செய்பவை சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தடித்த முட்டுகள். பட்டறையில் இவற்றை 'டாக்' என்பார்கள். நம் கால் லீவரை அழுத்தும்போது உள்ளே ஒரு டிரம் திரும்பும். அதன் வரிப்பள்ளத்தில் ஓடும் ஃபோர்க், பக்கத்துச் சக்கரத்தை நகர்த்தும். அதன் டாக், எதிர்ச் சக்கரத்தின் குழிக்குள் போய் உட்காரும்.

அந்த டாக்கின் சுவரை நேராகச் செதுக்குவதில்லை. நுனி ஒரு மயிரிழை அகலம், அடி ஒரு மயிரிழை குறுகல். அதனால் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பாரம் கூடினால் பிடியும் கூடும். மூலை மழுங்கிவிட்டால் இதே கணக்கு தலைகீழாகிறது. பாரம் கூடக்கூடச் சக்கரங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளும். சமதரையில் நிற்கும் கியர் மலையில் தாவுவது இதனால்தான். முறுக்கும்போது தாவினால் டாக்கின் ஒரு பக்கச் சுவர் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விடும்போது தாவினால் மறுபக்கச் சுவர். பெரியவர் கேட்டது அதைத்தான்.

இரண்டாம் கியர்தான் அதிகம் அடிவாங்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருக்கும் வண்டிகளில் கால் அதிக தூரம் பயணிக்க வேண்டும். அரைகுறையாக அழுத்தினால் டாக்கின் நுனி மட்டும் மாட்டும். ஒவ்வொரு முறையும் அந்த நுனி கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

என் வண்டியின் கியர்களை அவர் செய்தித்தாளில் பரப்பிக் காட்டினார். நல்ல டாக்கின் விளிம்பு விரலைக் கீறுவதுபோல் கூர்மையாக இருந்தது. இரண்டாம் கியரின் டாக் வழவழவென்று, நாள்பட்ட சோப்புக்கட்டிபோல் உருண்டிருந்தது. பழைய வெல்டிங்கின் மிச்சம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஃபோர்க்கின் நுனியோ நீலம் பாரித்திருந்தது. எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைத் தொட்டால் இந்த நீலம் வரும். விலகப் பார்க்கும் சக்கரத்தை இந்த ஃபோர்க்தான் உரசி உரசிப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. "ஓட்டும்போது லீவர் மேலயே கால வச்சிருப்பியா?" என்றார். வைத்திருப்பேன். ஃபோர்க் இடைவிடாமல் சக்கரத்தின்மேல் அழுந்த அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

முதல் பட்டறையின் வெல்டிங் ஏன் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கியர் முழுவதும் ஒரே கடினத்தில் செய்யப்படுவதில்லை. வடிவம் செதுக்கிய பிறகு ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் மேற்பரப்புக்குள் கார்பனைச் செலுத்தி, சட்டென்று எண்ணெயில் குளிர்விப்பார்கள். மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோல் மட்டும் அரத்துக்கு மசியாத கடினமாகும். உள்ளே இருக்கும் எஃகு அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்கு இளக்கமாகவே இருக்கும். வெல்டிங் அந்தத் தோலைச் சுட்டு மிருதுவாக்கிவிடுகிறது. அரம் போட்டால் மிச்சத் தோலும் போகிறது. பிறகு தேய்வது கடினத் தோல் அல்ல, உள்ளே இருந்த இளகிய எஃகு. ஆகவே தேய்ந்த டாக்குக்கு மருந்து ஒன்றுதான்: அந்தச் சக்கரத்தையும், அதோடு பூட்டும் எதிர்ச் சக்கரத்தையும், வளைந்த அல்லது நீலம் பாரித்த ஃபோர்க்கையும் சேர்த்து மாற்றுவது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

இவ்வளவு சொன்னாலும், கியர் பிரச்சினை என்று பட்டறைக்கு வரும் எல்லா வண்டிக்கும் என்ஜினை இறக்கத் தேவையில்லை. கோளாறு பல நேரம் கேஸுக்கு வெளியேதான் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றாமல் போட்டால் டாக்கும் டாக்கும் முகத்தோடு முகம் முட்டி நிற்கும். அது கோளாறு அல்ல. இப்படி எல்லா கியரும் சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் கடினமாக இருந்தால், கியர் பாக்ஸில் குற்றமில்லை, கிளட்ச்தான் முழுதாக விடுபடவில்லை. சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். கேபிளைச் சரிசெய்து, கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு வைத்தாலே பல வண்டிகள் குணமாகிவிடும். கியர் லீவர் மாட்டும் இடத்தில் பல் தேய்ந்திருந்தாலும் கியர் சரியாக விழாது. அங்கே தேவை ஒரு புது லீவர் மட்டுமே.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். நியூட்ரலில் ஓடும்போது ஊளைச் சத்தம் வந்து, கிளட்ச்சைப் பிடித்ததும் அடங்கினால், சந்தேகம் கிளட்ச்சிலிருந்து விசையை உள்ளே கொண்டுவரும் தண்டின் பேரிங் மேல். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடி. எல்லா கியரிலும், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் என்றால் செயினை ஓட்டும் வெளித்தண்டின் பேரிங், அல்லது வெறும் செயின். செயினை வீணைத் தந்திபோல் இறுக்கி வைப்பவர்கள் அந்தப் பேரிங்கைத் தாங்களே கெடுக்கிறார்கள்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் என்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கொழகொழப்பைக் காக்க ஆயிலில் சேர்க்கும் நீண்ட மூலக்கூறுகளைக் கியர்ப் பற்கள் நசுக்கி நறுக்கிவிடுகின்றன. அதனால் ஆயில் நாளடைவில் நீர்த்துப்போகிறது, கியர் முரண்டு பிடிக்கிறது. கார் ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருந்தால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வடித்த பழைய ஆயிலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். செதிலும் துண்டும் ஒட்டினால் தள்ளிப்போடாதீர்கள்.

திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டின் கதை வேறு. அதன் நான்கு கியர் பெட்டி என்ஜினுக்குப் பின்னால் தனியாக நிற்கும், அதற்குத் தனி ஆயில். கியர் நடுவில் சிக்கினால், வெளி மூடியைக் கழற்றி, இரண்டு போல்ட்டைத் தளர்த்தி ஒரு தகட்டைச் சற்று நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும். நியூட்ரலுக்கென்றே குதிகாலால் அழுத்தும் தனி லீவர் வைத்த பெட்டி அது. பழுதுபார்ப்பவரை மனதில் வைத்துச் செய்த பொறி என்று எனக்குத் தோன்றும்.

பெரியவர் புது ஜோடிகளை மாட்டி, கேஸை மூடுமுன் தண்டைக் கையால் சுற்றியபடி ஐந்து கியரையும் மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகுதான் போல்ட்டை இறுக்கினார். அந்த வண்டியில் அதற்குப் பின் இருமுறை ஏற்காடு போய்வந்தேன். இரண்டாம் கியர் தாவவில்லை.

உங்கள் வண்டியை அடுத்த முறை பட்டறையில் விடும்போது 'கியர் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த கியர், முறுக்கும்போதா விடும்போதா, என்ஜின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.