ரிமோட்டை மாத்துறதுக்கு முன்னாடி சுவர் பட்டனை அழுத்துங்க

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு எங்க சத்தியமங்கலத்துல இருந்தே வந்திருந்துச்சு. அனுப்பினவர் பெங்களூர்ல வேலை பாக்கறார், ஊர்ல அம்மா மட்டும். வீட்டு கார் ஷெட்டுக்கு ரிமோட் ஷட்டர். ஒருநாள் ராத்திரி ஸ்கூட்டியோட வாசல்ல நின்னுக்கிட்டு அம்மா போன் பண்ணியிருக்காங்க: "லைட் எரியுது கண்ணு, ஆனா ஷட்டர் அசைய மாட்டேங்குது." மறுநாள் பாக்க வந்தவர் நேரா "போர்டு போயிருச்சுங்க"ன்னுட்டார். மாத்தறதா வேண்டாமாங்கறதுதான் கேள்வி.

இப்போதைக்கு மாத்த வேண்டாம். மூணு விஷயம் இருக்கு: அனுப்புற ரிமோட், நடுவுல இருக்கற காத்து, வாங்குற ரிசீவர். எது கெட்டுச்சுன்னு தெரியாம காசு செலவு பண்ணக் கூடாது.

முதல் வேலை, உள்ள சுவத்துல இருக்கற மேல், நிறுத்து, கீழ் பட்டனை அழுத்திப் பாருங்க. அதுல ஷட்டர் ஓடுச்சுன்னா மோட்டார் நல்லா இருக்கு, கரண்ட் வருது. அதுலயும் ஓடலைன்னா ரிமோட் பேச்சே வேண்டாம், எம்சிபி விழுந்திருக்கான்னு பாருங்க. அடுத்து, வீட்ல இருக்கற இன்னொரு ரிமோட். அது வேலை செஞ்சா ரிசீவரும் நல்லா இருக்கு, தப்பு முதல் ரிமோட்லதான். இந்த ரெண்டு சோதனைக்கும் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

இப்ப அந்த லைட்டுக்கு வருவோம். நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். எல்இடி எரிய கொஞ்சம் கரண்ட் போதும், ரேடியோ அலையை பத்து இருபது மீட்டர் தள்ள அதைவிட அதிகமா வேணும். பேட்டரி தளர்ந்தா லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், தூரம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும். மல்டிமீட்டர்ல சும்மா வெச்சுப் பாத்தா வோல்டேஜ் சரியா இருக்கற மாதிரிகூட காட்டும், ஏன்னா அப்ப பேட்டரி மேல சுமையே இல்ல. அதனால ஷட்டர் பக்கத்துல போய் அழுத்திப் பாருங்க. ஒரு அடியில வேலை செஞ்சு ரோட்டுல இருந்து செய்யலைன்னா, முதல் சந்தேகம் பேட்டரி. நிறைய ரிமோட்ல இருக்கறது 12 வோல்ட் 27ஏ இல்லன்னா 23ஏ, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் சைஸ் வேற. பழசை கையில எடுத்துட்டே கடைக்குப் போங்க.

டிவி ரிமோட்டை போன் கேமராவுல காட்டி லைட் வருதான்னு பாக்கற வித்தை இங்க செல்லாது. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளி, ஷட்டர் ரிமோட் ரேடியோ. நம்ம ஊர்ல விக்கறது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். என்னைய மாதிரி ஆளுங்க லேப்டாப்புல எஸ்டிஆர் டாங்கிள் செருகி அந்த அலையை ஸ்கிரீன்ல பாத்து சந்தோஷப்படலாம், அம்மாகிட்ட அதைச் சொல்லாதீங்க.

பேட்டரி புதுசு, பக்கத்துல இருந்து அழுத்தினாத்தான் திறக்குது. அப்ப ரிசீவர்ல தொங்கற ஆன்டெனா ஒயரைப் பாருங்க. அந்த அலைவரிசைக்கு சுமார் 17 செ.மீ. நீளம் வேணும். பெயின்ட் அடிக்க வந்தவங்க அதை மடிச்சு தகரப் பெட்டிக்குள்ள திணிச்சிருந்தா, சிக்னல் உள்ள வராது. அப்புறம் போர்ச் லைட்டை அணைச்சுட்டு ஒரு தடவை அழுத்துங்க. மட்டமான எல்இடி டிரைவர் போடற ரேடியோ இரைச்சல்ல ரிமோட்டோட குரல் கேக்காமப் போறது உண்டு. டிராயர்ல பட்டன் அமுங்கிக் கிடக்கற இன்னொரு ரிமோட்டும் இதே வேலையைப் பண்ணும்.

இந்தக் காத்துப் பிரச்சினை அமெரிக்காவுல ஊர் அளவுல நடந்திருக்கு. 2004-ல ஃப்ளோரிடாவுல எக்லின் விமானப்படைத் தளத்துல புது ரேடியோவை சோதிச்சப்ப, சுத்து வட்டார வீடுகள்ல கராஜ் கதவு ரிமோட் வேலை செய்யாமப் போச்சு. ரெண்டும் 390 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்துச்சு. அலைவரிசை ராணுவத்துக்கு ஒதுக்கினது, ரிமோட் லைசென்ஸ் இல்லாம ஓடற விருந்தாளி. அதனால வீட்டுக்காரங்க பொறுத்துக்கணும். நம்ம 433-உம் லைசென்ஸ் தேவைப்படாத இடம்தான், யாரு கத்தினாலும் புகார் குடுக்க வழி கிடையாது.

இன்னொரு காரணம், குழந்தை. ரோலிங் கோடு ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது நம்பர் அனுப்பும், ரிசீவரும் கூடவே எண்ணிக்கிட்டு வரும். கீலாக்னு ஒரு முறை, 1980-கள்ல தென்னாப்பிரிக்காவுல உருவாச்சு, 1995-ல மைக்ரோசிப் கம்பெனி வாங்குச்சு. அதோட வழக்கமான அமைப்புல ரிசீவர் அடுத்த 16 நம்பர் வரைக்கும் சந்தேகப்படாம ஏத்துக்கும். ரிமோட்டை ஊட்டி வரைக்கும் எடுத்துட்டுப் போய் வாண்டு ஒண்ணு முப்பது தடவை அழுத்திருச்சுன்னா கணக்கு தப்பிரும். வீட்டுக்கு வந்து அடுத்தடுத்து ரெண்டு தடவை அழுத்துங்க, பெரும்பாலும் மறுபடி சேந்துக்கும். பேட்டரி மாத்தினா கோடு அழிஞ்சிரும்னு சொல்றதை நம்ப வேண்டாம், அந்த எண்ணிக்கை கரண்ட் இல்லாட்டியும் அழியாத மெமரியில இருக்கு.

ஸ்லைடிங் கேட் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. திறக்குது, ஆனா மூட மாட்டேங்குதுன்னா ரிமோட் மேல பழி போடாதீங்க. எதிரெதிரா இருக்கற ரெண்டு சென்சாரைத் துடைங்க. சிலந்தி வலை, சாயங்கால வெயில், வளந்து நிக்கற செம்பருத்தி, ஏதாவது ஒண்ணு மறைச்சிருக்கும்.

சுவர் பட்டன் வேலை செய்யுது, புது பேட்டரி போட்ட ரெண்டு ரிமோட்டும் ஒரு அடியில கூட வேலை செய்யலைன்னா, அப்பத்தான் ரிசீவர். எறும்பும் பல்லியும் போர்டுக்குள்ள போறது நம்ம பக்கம் சாதாரணம். ஆனா உள்ள 230 வோல்ட் இருக்கு. மெயினை அணைச்சுட்டு எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும். போர்டு முழுசையும் மாத்தறதுக்கு முன்னாடி, ரிசீவரைத் தனியா மாத்த முடியுமான்னு கேளுங்க, சில மாடல்ல முடியும்.

ரிமோட் கெட்டா பரவால்ல, தொலைஞ்சா கதை வேற. விலை கம்மியான ரிமோட்ல நிலையான கோடு, சாவிக்கடையில ஒரு நிமிஷத்துல நகல் எடுத்துருவாங்க. அதனால ரிசீவர்ல பதிஞ்ச எல்லா ரிமோட்டையும் அழிச்சுட்டு, கையில இருக்கறதை மட்டும் திரும்பப் பதியச் சொல்லுங்க.

கேள்வி கேட்ட நண்பருக்கு இன்னொண்ணு. கரண்ட் போனா ஷட்டரைத் தூக்க மோட்டார்ல செயின் இருக்கும், ஸ்லைடிங் கேட்ல ரிலீஸ் சாவி இருக்கும். ரெண்டும் உள்பக்கம். ஷெட்டுக்குள்ள போக வேற கதவு இருக்கா, அந்தச் சாவி அம்மாவோட ஸ்கூட்டி சாவிக்கொத்துல இருக்கா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப மெயினை அணைச்சுட்டு, அவங்களையே ஒரு தடவை செயினை இழுத்துப் பாக்கச் சொல்லுங்க.