பனிவண்டிக்கும் சாலை விதி உண்டு

பனியே காணாத நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ‘ஸ்னோமொபைல்’ எனும் பனிவண்டி ஓட்டவும் சாலைச் சட்டம் உண்டு. வண்டியின் முன்னால் இரு சறுக்குக் கட்டைகள். பின்னால் சுழலும் பட்டை. சறுக்குக் கட்டை பனியைக் கவ்வினால்தான் வண்டி திரும்பும். வெறும் தார்ச்சாலையில் வளைப்பதும் நிறுத்துவதும் பெரும்பாடு. சட்டமும், கார் ஓடும் பகுதியை விட்டு இயன்றவரை விலகியே செல்லச் சொல்கிறது. கார்களுக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் பனிவண்டிக்கு 20தான். சாலையை நேர்குறுக்காகவே கடக்க வேண்டும். அதற்கும் 16 வயதும் உரிமமும் தேவை. தலைக்கவசத்தைச் சொல்லவே வேண்டாம். உள்ளூர் மன்றங்கள் தனித் தடையும் விதிக்கலாம் என்பதால், ஓர் ஊரில் முறையானது அடுத்த ஊரில் குற்றமாகிவிடும்.