தார் விழாத ராஜா

காரைக்காலில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியின் கிளிக்குப் பெயர் ராஜா. குஞ்சாக வந்த அன்றே வைத்த பெயர். ஐந்தாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, கூண்டின் மூலையில் வெள்ளையாக ஒரு முட்டை. "அடிப்பாவி, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் பாட்டி. ஜோடி இல்லாமல் எப்படி என்று தெருவே கேட்டது. சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுவதில்லையா? அதே கதைதான், பொரிக்காது.

கழுத்தைப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நம்மூர்ப் பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாகக் கோடு விழும். செந்தார்ப் பைங்கிளி என்ற பெயரே, பார்க்கப்போனால், ஆணுக்கு மட்டும் பொருந்துவது. அந்தத் தார் விழ இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை எல்லாக் குஞ்சும் பெண்போலத்தான் இருக்கும். "ஆண் கிளிதான் பேசும், இது ஆண்தான்" என்று குஞ்சை நீட்டுகிறவர் ஒரே மூச்சில் இரண்டு புளுகு விடுகிறார். பெண்ணும் நன்றாகவே பேசும்.

கடையில் லவ் பேர்ட்ஸ் என்று தருகிற பட்ஜரிகரில் பொதுவாக மூக்குச் சதை நீலமானால் ஆண், பழுப்பானால் பெண். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியில் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. இடுப்பெலும்பைத் தடவிச் சொல்வதையும் நம்ப முடியாது. இறகையோ ரத்தத்தையோ டிஎன்ஏ சோதனைக்கு அனுப்ப வேண்டும். எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. 19ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானிகளே அவற்றை வெவ்வேறு இனம் என்று எழுதிவைத்தார்கள். பாட்டியைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

2018 நவம்பரில் கஜா புயல் தலையைத் திருகிப்போட்ட ஒரு மொட்டைத் தென்னை எங்கள் பக்கம் நின்றது. அதன் பொந்தில் ஒரு ஜோடி. தார் போட்டவன் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வந்து, தின்றதைக் கக்கி அவள் அலகில் ஊட்டுவான். எந்தச் சோதனையும் வேண்டியிருக்கவில்லை.

1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் பலன் சொன்ன கிளி ஜோசியரை வனத்துறை பிடித்ததற்குச் சொன்ன காரணமும் கிளியைக் கூண்டில் வைத்ததுதான். உங்கள் வீட்டிலும் ஒரு ராஜாவோ ராணியோ இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கூண்டைத் திறந்து பறக்க மட்டும் விடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும்.