மொட்டைமாடி வெயிலும் பங்குக் கணக்கும்

ஃபிளாட் வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் கிரயப் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று ஒரு சொல் வரும். மனை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் இதுதான் உன் துண்டு என்று யாருக்கும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. அடுக்குமாடிகளில் சோலார் மின்சாரத்தைப் பங்கிடுவது பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. மொட்டைமாடியில் விழுகிற வெயிலும் பிரிபடாத பாகம்தான். ஆனால் மின்சாரத்தை அளக்கிற மீட்டரோ வீட்டுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. பொதுவில் விளைவதைத் தனித்தனியாக அளக்கிற ஏற்பாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? இதை எஞ்சினியர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாடியில் உண்டாகிற மின்சாரத்துக்கு விலாசம் கிடையாது. பேனலிலிருந்து வருவதை இன்வெர்ட்டர் மாறுதிசை மின்சாரமாக்கிக் கம்பியில் விட்டதும், பக்கத்தில் எந்த ஃபேன் சுற்றுகிறதோ அங்கே அது போய்விடும். இது மேல்வீட்டு யூனிட், இது கீழ்வீட்டு யூனிட் என்றெல்லாம் கம்பிக்குத் தெரியாது. ஆகவே பங்கீடு பெரும்பாலும் கணக்கில்தான் நடக்கிறது. கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பது அதிகாரம் பற்றிய கேள்வி.

சுலபமான வழி, பொது மீட்டரோடு இணைத்துவிடுவது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு இவற்றின் செலவு குறையும். 2024இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று மானியம் வைத்ததும் இந்தப் பொது உபயோகத்துக்குத்தான். சண்டை வராது. ஆனால் வெயில் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

வாசலைத் தாண்டுகிற வழியை 2019இல் தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்தது. மாடியில் விளைவது முழுவதும் தனி மீட்டர் வழியாக மின் கட்டமைப்புக்குப் போகும். சேர்ந்திருக்கிற வீடுகள் தங்களுக்குள் பேசி ஒரு விகிதம் எழுதிக் கொடுத்தால், அந்தந்த வீட்டு பில்லில் அத்தனை யூனிட் கழியும். புதிதாக ஒரு கம்பிகூட வீட்டுக்குள் இழுக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 12 வீடு, நிழல் விழாத 1,200 சதுர அடி மாடி என்றால் 12 கிலோவாட், நாளுக்கு 48 யூனிட். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 120 யூனிட். நியாயம்தானே என்று தோன்றும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அதே 2019 ஆகஸ்டில் தில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. மாதம் 150 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு பில் ஏற்கெனவே பூஜ்யம். அதில் 120 யூனிட் கழிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஏ.சி. ஓடுகிற, 400 யூனிட் வீட்டுக்கோ அதே 120 யூனிட் நல்ல காசு. யூனிட்டில் சமத்துவம், ரூபாயில் ஏற்றத்தாழ்வு. செலவு கூடக்கூட விலையும் கூடுகிற எல்லா ஊர்களிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2016இல் வந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச ஏற்பாட்டை வைத்துப் பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் விழும். எனவே யூனிட்டைப் பங்கு போடாமல், மிச்சமாகிற பணத்தைப் பொதுவில் சேர்த்து அதைப் பங்கு போடுவதே நேர்மையானது என்பது என் கட்சி.

சரி, வாடகைக்கு இருக்கிறவங்க? பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் வாழும் ஜெர்மனி இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தது. 2017இல் அங்கே வந்த சட்டம், மாடி மின்சாரத்தைக் குடியிருப்பவருக்கு விற்கும்போது உள்ளூர் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஆனால் விற்கிற வீட்டுக்காரர் ஒரு மின்நிறுவனத்தின் கடமைகளையெல்லாம் சுமக்க வேண்டியிருந்தது. 2024இல் அதைத் தளர்த்தினார்கள். மாடியில் விளைவதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஒப்புக்கொண்ட விகிதப்படி பங்கிடலாம். மீதித் தேவையை அவரவர் விரும்பிய நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்காரரை ஒரு தரப்பாகச் சட்டம் அங்கே அங்கீகரித்திருக்கிறது.

நம் ஊர் அசோசியேஷன் கூட்டங்களில் ‘ஓனர் மட்டும் வாங்க’ என்பதுதான் எழுதாத விதி. கரண்ட் பில் கட்டுகிறவர் வாடகைக்காரர். விகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வேறெங்கோ இருக்கிற உடைமையாளர். மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் வாட்ச்மேன் குடும்பத்துக்கோ மீட்டரே இல்லை. பொது மீட்டரிலிருந்து ஒரு பல்பு, ஒரு ஃபேன். எந்த விகிதத்திலும் அவர் பெயர் வராது.

மாற்று எரிசக்தி என்று பேசுகிற தோழர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பேனல் மாட்டுவதற்கு முன் விகிதத்தை எழுதுங்கள். எழுதுகிற கூட்டத்துக்கு வாடகைக்காரரையும் வாட்ச்மேனையும் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் போனால், நிலத்துக்கு நடந்ததுதான் வெயிலுக்கும் நடக்கும்.