வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் பிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய சிறு வியாபாரிகள் என்னிடம் முதலில் கேட்பது, "தம்பி, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். வெப்சைட்டைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். உங்கள் ஏரியா வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே இருப்பீர்கள். அதில் என்ன செய்து கொண்டிருக்கிறீர்கள்?

என் சித்தப்பா கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். 2023ல் இப்படி ஒரு குரூப்பில் சேர்ந்தார். வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். இதில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நானூறு பேரும் நம் விளம்பரத்தைப் பார்ப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ரோஜாப்பூ படம், குட்மார்னிங், கீழே பட்டறைப் பெயரும் போன் நம்பரும். மூன்று மாதத்தில் ஒரு மோட்டார்கூட வரவில்லை. அட்மின் இரண்டு முறை கண்டித்ததுதான் மிச்சம். பட்டறைக்கு இரண்டு மாத வாடகை பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரூப்பை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். இது எளிது. பிரவுசரில் 'வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம்' என்ற முகவரிக்குச் செல்லுங்கள். திரையில் ஒரு க்யூஆர் கோடு கிடைக்கும். போனில் வாட்ஸ்அப் மெனுவில் 'லிங்க்டு டிவைசஸ்' சென்று, 'லிங்க் எ டிவைஸ்' தேர்ந்தெடுத்து அந்தக் கோடை ஸ்கேன் செய்திடுங்கள். பழைய மெசேஜ்கள் வந்து சேரச் சற்று நேரம் ஆகும். பின்னர் குரூப்பைத் திறந்து, மேலே உள்ள பூதக்கண்ணாடிப் படத்தில் கிளிக் செய்து உங்கள் தொழில் சார்ந்த சொற்களைத் தேடுங்கள். நாங்கள் மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று தேடினோம். நம்மவர்களில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள் என்பதால் அப்படியும் தேட வேண்டும்.

அந்த மூன்று மாதத்தில் பதினொரு பேர் மோட்டார் ரிப்பேருக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சித்தப்பா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அவர் ரோஜாப்பூ அனுப்பிக் கொண்டிருந்தார்.

மறுநாளே ஒரு மெஸ் உரிமையாளர், கிரைண்டரில் உறுமல் சத்தம் மட்டும் வருகிறது, கல் சுற்றவில்லை என்று எழுதினார். சித்தப்பா, "காயில் போயிருக்காதுங்க. முதல்ல கெபாசிட்டரை மாத்திப் பாருங்க, எலக்ட்ரீசியனே செஞ்சிருவாரு" என்று பதில் போட்டார். வந்த வேலையையும் விரட்டி விட்டாரே என்று எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது. கெபாசிட்டர் மாற்றியதும் கிரைண்டர் ஓடியது. அதை மெஸ்காரர் குரூப்பிலேயே எழுதினார். அடுத்த வாரம் எரிந்து போன இரண்டு தண்ணீர் பம்ப்களை ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார். அதன் பிறகு யார் மோட்டார் என்று கேட்டாலும், வேறு யாராவது சித்தப்பாவின் நம்பரைப் போட்டு விடுகிறார்கள்.

விலையை மட்டும் குரூப்பில் பேசாதீர்கள். கேட்டவரின் மெசேஜ் மெனுவில் 'ரிப்ளை பிரைவேட்லி' இருக்கிறது. அதன் மூலம் தனியாகச் சொல்லுங்கள்.

இந்தத் தனிப் பேச்சிலேயே ஒரு முறை ஏமாந்தோம். காப்பர் ஒயர் மலிவாகத் தருகிறேன், குடோன் உள்ளூரிலேயே இருக்கிறது என்று குரூப்பில் இருந்த ஒருவர் தனியாக அழைத்தார். ஒரே குரூப் ஆள்தானே என்று சித்தப்பா 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பி விட்டார். மீதி 35,000 ரூபாய் அனுப்பும் முன் என்னிடம் சொன்னது நல்லதாயிற்று. அந்த ஆள் அனுப்பிய பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண் 07 என்று தொடங்கியது. அது டில்லி. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்றுதான் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் அந்த 15 இலக்க எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம், பதிவு ரத்தாகியிருந்தது. பதிவு செய்த பெயரும் அந்த ஆள் சொன்ன பெயரும் வேறு. யார் பில் அனுப்பினாலும் பெயர், ஊர், பதிவு நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் இங்கே இலவசமாகப் பார்க்கலாம். சிறிய கடைகளுக்கு ஜிஎஸ்டி எண்ணே இல்லாமலும் இருக்கலாம். அப்போது நேரில் போய்ச் சரக்கைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்திட வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைத்தது மூன்றாம் நாள். அந்த 5,000 ரூபாய் இன்னும் வரவில்லை.